மாரிக்கனியின் அரை வாக்கியங்கள்

வாருங்கள் சகோதரி, இங்கே அமருங்கள். இந்த இருக்கைக்காரர் கிசன்டுவில் இறங்கிவிட்டார். ஜன்னல் ஓரத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதை தொடங்கினால் உங்களுக்குத் தலை சுற்றும், எனக்குப் பழகிவிட்டது. தமிழர் என்று எப்படிக் கண்டுகொண்டேன் என்றா பார்க்கிறீர்கள்? சற்றுமுன் இப்பேருந்து பள்ளத்தில் இறங்கியபோது "முருகா" என்றீர்களே, அது போதாதா? காங்கோ நாட்டில், கின்ஷாசாவிலிருந்து மட்டாடிக்குப் போகும் பேருந்தில், வேறு யார் முருகனை அழைப்பார்கள்?

என் பெயர் செண்பகவடிவு. மட்டாடியில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை இருக்கிறது. என் கணவரும் அவர் தம்பியும் சேர்ந்து நடத்துகிறார்கள். உங்கள் கணவருக்குத் துறைமுகத்தில் வேலையா? நல்லது. நல்ல ஊர்தான். பாறையின்மேல் பாறையாக வீடுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். அந்த ஊரில் வாழ வேண்டுமானால் கிகோங்கோ மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். கற்பதானால் என்னைப்போல் முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். என் ஓரகத்தியைப்போல் அரையும் குறையுமாகக் கற்காதீர்கள்.

ஓரகத்தி என்றதும் சிரிக்கிறீர்கள். பொறாமைப் பேச்சு வரப்போகிறது என்று நினைக்கிறீர்கள். இல்லை சகோதரி. பொறாமை மனிதரை உள்ளிருந்து அரிக்கும் கரையான். நான் அதற்கு இடம் கொடுத்ததே இல்லை. மாரிக்கனியின் குறைகளை நாள்தோறும் கவனமாக எண்ணிப் பார்த்துத்தான் என் மனத்தைத் தூய்மையாக வைத்திருக்கிறேன்.

நான் திருநெல்வேலியில் கல்லூரியில் படித்தபோது பேச்சுப்போட்டி என்றால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் பெயர் கொடுப்பார்கள். எங்கள் பேராசிரியை ஒரு பாடம் சொல்லித் தந்தார்: மூச்சு முட்டினாலும் சரி, தொடங்கிய வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் மூச்சு விடவேண்டும். மேடையில் பாதியில் நிற்பவள் ஆடை நழுவி நிற்பவளுக்குச் சமம் என்பார். அன்றிலிருந்து இன்றுவரை நான் ஒரு வாக்கியத்தையும் பாதியில் விட்டதில்லை. வீட்டில் உப்பு கேட்டாலும் எழுவாய், பயனிலையோடுதான் கேட்பேன்.

மட்டாடிக்கு வந்ததும் கிகோங்கோவையும் அப்படித்தான் கற்றேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தேன். இலக்கணத்தை வரிவரியாக மனனம் செய்தேன். கண்ணாடிமுன் நின்று உதடு எப்படிக் குவிகிறது என்று பார்த்துப் பழகினேன். அவரே ஒருநாள் சொன்னார்: "அம்மா, உங்கள் கிகோங்கோவில் ஒரு தூசிகூட இல்லை." பாராட்டுத்தானே அது?

மாரிக்கனி எனக்குப் பின்னால் வந்தவள். சாத்தூர்ப் பக்கம். காலையில் எழுவதற்கே நேரமாகும். குளித்தாளோ இல்லையோ, எதிர்வீட்டில் பெண்கள் தலை பின்னிக்கொள்ளும் இடத்துக்குப் போய் மணைபோட்டு உட்கார்ந்துவிடுவாள். அங்கே அவர்கள் சிரிக்க இவள் சிரிக்க, பொழுது போய்விடும். "மாரி, அரைமணி நேரம் புத்தகத்தைத் திறந்தால் என்ன?" என்று கேட்டேன். "அக்கா, புத்தகம் என்னையப் பாத்துச் சிரிக்க மாட்டேங்குதே, நான் என்ன செய்ய?" என்றாள். இப்படிப்பட்டவள் எப்படிப் பேசுவாள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு வாக்கியத்தைத் தொடங்குவாள். கடைசிச் சொல் வரும் நேரத்தில் நின்றுவிடுவாள். அந்தச் சொல்லிலேயே பாதியைச் சொல்லிவிட்டு, வாயைத் திறந்தபடி, சுற்றியிருப்பவர்களைப் பார்ப்பாள். பாவம், அவர்கள்தான் மீதியைச் சொல்லி முடிக்கவேண்டும். எல்லோரும் ஒரே குரலில் எடுத்துக் கொடுப்பார்கள். உடனே அடுத்த வாக்கியம், அதுவும் பாதி. இப்படி ஒரு கதையை அவள் சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர்களுக்குத் தொண்டை கட்டிவிடும்.

ஆனால் அந்தத் தெரு முழுவதும் அவள் பின்னால் போயிற்று!

இங்கே ஒரு வழக்கம் உண்டு. பிறக்கும் குழந்தைக்கு, தாங்கள் விரும்பும் ஒருவரின் பெயரை வைப்பார்கள். பிறகு அந்தக் குழந்தையும் அந்தப் பெரியவரும் ஒருவரையொருவர் "ந்தோயி" என்று அழைத்துக்கொள்வார்கள். ஒரே பெயர் கொண்டவர் என்று பொருள். இரத்த உறவுக்கு ஒரு படி மேல். இன்று எங்கள் தெருவில் மூன்று மாரிக்கனிகள் ஓடி விளையாடுகிறார்கள். காங்கோப் பிள்ளைகள், சகோதரி! அதில் ஒன்று பையன். மாலையானால் தாய்மார்கள் "மாரிக்கனீ" என்று கூவுவார்கள். ஒவ்வொரு கூவலுக்கும் இவள் அடுப்படியிலிருந்து "ஓய்" என்பாள். செண்பகவடிவு என்று ஒரு குழந்தைகூட இல்லை. அதற்கு நான் வருந்தவில்லை. அவர்களுக்கு அந்தப் பெயர் நாக்கில் நிற்காது, அவ்வளவுதான். வடிவு என்று மட்டும் வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டதுண்டு.

இதற்கு நான் ஒரு கதை சொல்வேன். என் மகனுக்குச் சொன்னேன், என் கணவருக்கும் சொன்னேன். ஓர் ஊரில் இருவர் விளக்கேற்றிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார்கள். முதலாமவள் திரியைத் திருத்தி, எண்ணெயை நிறைத்து, கண்ணாடிக் கூட்டுக்குள் விளக்கை வைத்தாள். காற்றடித்தும் அது அசையவில்லை. இரண்டாமவளோ வெறும் அகலை உள்ளங்கையில் ஏந்தி வந்தாள். சுடர் துடித்தது, சாய்ந்தது, அணையப் பார்த்தது. வழியில் போனவர்களெல்லாம் ஓடிவந்து அதைச் சுற்றிக் கையைக் குவித்தார்கள். கோயில் வாசலை அடைந்தபோது இரண்டாமவளைச் சுற்றி ஊரே நின்றது. முதலாமவள் தனியாக நின்றாள். இதிலிருந்து நாம் அறிவது என்ன? உலகம் குறையுள்ளதைத்தான் கொண்டாடுகிறது, நிறைவை மதிப்பதில்லை. என் மகன் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு, "அம்மா, நீங்க சொன்ன கதைய நீங்க கேட்டீங்களா?" என்றான். என்ன கேள்வி அது! நான் சொன்ன கதையை நானே கேட்க வேண்டுமா?

அந்த மகனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அறவாழி என்று பெயர் வைத்தேன். ஒரே பிள்ளை. துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் லுசோலோ என்ற பெண்ணை விரும்பினான். கிகோங்கோ பேசும் கோங்கோ இனத்துப் பெண். நிமிர்ந்த நடை, அளந்த பேச்சு. நான் மறுப்பேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் மறுக்கவில்லை. நான் பரந்த மனம் கொண்டவள். மேலும், உண்மையைச் சொன்னால், பெண் கேட்கும் நாளை எண்ணியபோதே எனக்கு உடல் சிலிர்த்தது. மட்டாடியில் ஒரு சபை. அதில் மணமகனின் தாய் எழுந்து நிற்கிறாள். தூசியில்லாத கிகோங்கோவில் பேசுகிறாள். சபை மெய்ம்மறக்கிறது. மாரிக்கனி கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இது நியாயமான ஆசைதானே?

அவர்கள் குலம் தாய் வழியாக வருவது. பெண்ணின் தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். இதைக் கேட்டதும் நமக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, பாருங்கள். ஆகவே மவுங்கு என்ற அந்தத் தாய்மாமன் வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் இரண்டு பக்கமும் நாற்காலிகள். நடுவில் பனங்கள். மவுங்கு வாட்டசாட்டமான மனிதர். எங்களை வணங்கினார், உட்கார்ந்தார், அதன்பின் வாயே திறக்கவில்லை. தொப்பி அணிந்த ஒல்லியான ஒருவர் அவர் சார்பில் எழுந்து பேசினார். அப்படிச் சபையில் பேசுபவரை ந்சோன்சி என்பார்கள். அந்த மனிதரும் மாரிக்கனியின் இனந்தான். எந்த வாக்கியத்தையும் முடிக்கத் தெரியவில்லை. பாதியில் நிறுத்துவார், மற்றவர்கள் முடிப்பார்கள். இடையிடையே குவித்த கையைத் தட்டுவார்கள், "இங்கேட்டா" என்பார்கள். ஆம் என்று பொருள். ஒரு திருமணப் பேச்சுக்குச் சரியாகப் பேசத் தெரிந்த ஆள்கூடவா கிடைக்கவில்லை என்று எனக்கு வருத்தமாக இருந்தது. மவுங்கு தாமே பேசினாலென்ன? அத்தனை செருக்கா?

எங்கள் முறை வந்தது. மாரிக்கனி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, நீங்க எந்திரிக்காதீங்க. நீங்க உக்காந்தே இருக்கணும். எதிர்வீட்டு அண்ணாச்சியக் கூட்டிட்டு வந்திருக்கோம்லா, அவரு பேசட்டும்" என்றாள். எப்படி இருக்கிறது? என் மகனின் திருமணத்தில் நான் எழக்கூடாதாம்! நான் சேலையை உருவிக்கொண்டு எழுந்தேன்.

பேசினேன், சகோதரி. இரு நாடுகள், இரு கடல்கள், ஒரே தாய்மை என்று தொடங்கினேன். தாய்மாமன் உறவின் மேன்மையைச் சொன்னேன். இல்லறத்தின் மாண்பைச் சொன்னேன். ஒரு வாக்கியமும் தடுமாறவில்லை. ஒருவர் நுழைய ஓர் இடைவெளி கிடைத்திருக்காது, அப்படிப்பட்ட நடை. முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

ஒருவரும் கை தட்டவில்லை. "இங்கேட்டா" என்று ஒரு குரலும் வரவில்லை. அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மவுங்கு குனிந்து ஒல்லி மனிதரின் காதில் ஏதோ சொன்னார். அவர் எழுந்து மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "பேச்சைக் கேட்டோம். அடுத்த முறை வரும்போது உங்களுக்காகப் பேசுகிறவரையும் அழைத்து வாருங்கள்." அவ்வளவுதான். பனங்கள்ளைத் தொடாமலே அனுப்பிவிட்டார்கள்.

எனக்காகப் பேச ஒருவரா? எனக்கா?

வீட்டுக்கு வந்ததும் அறவாழி கத்தினான். கத்துகிற பிள்ளையல்ல அவன். "இது உங்க பேச்சுப்போட்டி இல்லம்மா! எனக்கு அவ வேணும். அவங்க கதவ மூடிட்டா நான் எங்க போய் நிப்பேன்?" என்றான். நான் விளக்க முயன்றேன். அவன் என்னைத் தாண்டிப் போய், அடுப்படி வாசலில் நின்று, "சித்தி, நீங்க பேசுங்க" என்றான்.

சித்தி, நீங்க பேசுங்க. பெற்றவள் கூடத்தில் நிற்கிறாள், சகோதரி.

அவள் வாயில் முறுக்கை வைத்துக்கொண்டு, "நான் ஒத்தையில பேச மாட்டேன். அக்கா பக்கத்துல உக்காந்து தலையாட்டுனா பேசுதேன். இல்லைன்னா வேண்டாம்" என்றாள். என் கணவரும், "வடிவு, பிள்ளைக்காக ஒருநாள் வாயைக் கட்டேன்" என்றார். தியாகம் என்பது தாய்க்குப் புதிதா? சரி என்றேன்.

மறுபடியும் அதே முற்றம். என்னை நடு நாற்காலியில், மவுங்குக்கு நேர் எதிரே உட்கார வைத்தார்கள். மாரிக்கனி எழுந்து இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள். தொடங்கினாள். முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டாள்! எனக்கு உயிர் போய்விட்டது. ஐயோ, சொல்லை மறந்துவிட்டாளே, என் பிள்ளையின் வாழ்வு போயிற்றே என்று, மானத்தை விட்டு, நானே அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அதே நொடியில் முற்றம் முழுவதும் அதே சொல்லைச் சொன்னது. மவுங்கு என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். பிறகு இவள் என்ன செய்தாள் தெரியுமா? நாலு வாக்கியத்துக்கு ஒரு முறை என்னிடம் வருவாள். முழங்காலை மடக்கி, கையைக் குவித்துத் தட்டி, "நீங்கள் தந்த சொல் இதுதானா?" என்று கிகோங்கோவில் கேட்பாள். அடிக்குரலில் தமிழில், "அக்கா, தலைய ஆட்டுங்க" என்பாள். நான் ஆட்டுவேன். என்ன பேசவேண்டும் என்பதுகூட அவளுக்கு நினைவில் நிற்கவில்லை, என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒப்பேற்றினாள். ஆனால் அந்தச் சபை! ஆரவாரம், கைத்தட்டு, சிரிப்பு. ஒல்லி மனிதர் எழுந்து இவளோடு சொல்லாடினார். இருவரும் பாதிப் பாதியாக எறிந்தார்கள், சபை பிடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் மவுங்கின் கண் கலங்கியது. பெண்ணைத் தருகிறோம் என்றார்கள். அறவாழி ஓடிவந்து மாரிக்கனியின் காலில் விழுந்தான். அவள் அவனைப் பிடித்து என் பக்கம் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்ட பிறகுதான் என்னிடம் வந்தான். அதை நான் பார்த்தேன்.

பிறகு லுசோலோ என்னிடம் தனியே வந்தாள். "அம்மா, எங்களிடம் பெரியவர்கள் சபையில் தங்களுக்காகத் தாங்களே பேசமாட்டார்கள். பிள்ளை தாயின் குலம். ஆகவே அன்று பேச்சுக்கு உடையவர் நீங்கள். என் மாமாவும் பேசவில்லை, நீங்களும் பேசவில்லை. நீங்கள் இருவரும்தான் அங்கே பெரியவர்கள். சித்தி உங்கள் குரல், அவ்வளவுதான்" என்றாள். எவ்வளவு பண்பான பெண், பாருங்கள். தோற்றவளுக்கு ஆறுதல் சொல்ல எத்தனை அழகாக ஒரு வழக்கத்தையே கற்பித்துச் சொல்கிறாள்! நான் அவள் கன்னத்தைத் தடவினேன். நம்பவில்லை.

வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. தெருவில் யாரைப் பார்த்தாலும், "மாரிக்கனி என்னமாய்ப் பேசினாள்!" என்றார்கள். கின்ஷாசாவில் ஒரு தோழி வீட்டுக்கு வந்துவிட்டேன். கோபித்துக்கொண்டு வரவில்லை, ஓய்வுக்காக வந்தேன். மாரிக்கனி தினமும் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, நீங்க இல்லாம சாம்பார் வாயில வைக்க வெளங்கல. வாங்க." நான் எடுக்கவில்லை. தோழிதான் எடுத்துக் கேட்டுச் சொன்னாள்.

சனிக்கிழமை திருமணம். அதனால்தான் திரும்புகிறேன். ஒரு முடிவோடு திரும்புகிறேன். விருந்தில் மணமகனின் தாய் பேசுவாள். யாரும் என் சேலையைப் பிடிக்க முடியாது. தோழி வீட்டில் இரவும் பகலும் அந்த உரையைச் செதுக்கினேன். நாற்பது நிமிடம். நீங்களும் வரவேண்டும், சகோதரி, கணவரையும் அழைத்து வாருங்கள். முன்வரிசையில் அமருங்கள். அப்போது தெரியும் உங்களுக்கு, முழுமை என்றால் என்னவென்று.

இருங்கள், தொடக்கத்தை மட்டும் சொல்லிக் காட்டுகிறேன். உங்களுக்குப் பொருள் விளங்காது, ஓசையைக் கேளுங்கள். கிம்பெசேயைத் தாண்டிவிட்டோம். இனி இந்தப் பேருந்தில் எல்லோரும் கிகோங்கோக்காரர்கள்தான். கேட்டால் கேட்கட்டும். எழுந்து நின்றால்தான் எனக்குக் குரல் வரும். இந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். முதல் வாக்கியம் நன்றியில் முடிகிறது. நன்றிக்கு அவர்கள் சொல் மத்தோந்தோ. கேளுங்கள்.

...

கேட்டீர்களா! கேட்டீர்களா இந்த அநியாயத்தை! நான் "மத்தோ" என்றபோது இந்தப் பாழும் பள்ளம் வந்து என்னைத் தூக்கிப்போட்டது. உடனே பேருந்து முழுவதும் "ந்தோ" என்று முடித்துவிட்டது! ஓட்டுநர்கூடச் சொன்னார், நீங்களே கேட்டீர்கள். எனக்குச் சொல் மறந்துவிட்டதென்று எண்ணிவிட்டார்கள், சகோதரி. எனக்கு! நானா மறந்தேன்? பேருந்துதான் குலுங்கியது.

ஏன் எல்லோரும் திரும்பி உட்காருகிறார்கள்? அந்தக் கோழிக்கூடைக்காரர் குல்லாயைக் கழற்றுகிறார், பாருங்கள். முன்னிருக்கை அம்மாள் கையைக் குவித்துத் தட்டுகிறார். பொறுங்கள், ஏதோ கேட்கிறார்.

யாருக்காகப் பேசுகிறீர்கள் என்று கேட்கிறார். எந்த வீட்டுக்கு நான் ந்சோன்சியாம்.

என்ன சொல்வது? எனக்காகவே என்று சொன்னால் மறுபடியும் தரையைப் பார்ப்பார்கள். அந்தத் தரையை நான் இன்னொரு முறை பார்க்கமாட்டேன். மட்டாடியில் மாரிக்கனி என்று ஒரு பெரியவர் இருக்கிறார், அவருக்காக என்று சொல்லிவிடுகிறேன். வாயில் வந்த பொய், யாருக்குத் தெரியப்போகிறது?

பார்த்தீர்களா! அந்தப் பெயரைச் சொன்னதும் எப்படித் தட்டுகிறார்கள், பாருங்கள்! அவளை இவர்கள் கண்ணால் கண்டதில்லை. ஓடும் பேருந்திலும் அவளுக்குத்தான் கைத்தட்டா? நின்று பேசுவது நான், சகோதரி, நான்!

இல்லை, இன்னும் உட்கார மாட்டேன். இரண்டாம் வாக்கியம் இருக்கிறது. இங்கே பாதை நேராகத்தான் இருக்கிறது, குலுங்காது. கடைசிச் சொல்லுக்கு முன்னால் நானே கொஞ்சம் நிறுத்தப்போகிறேன். வேறொன்றுமில்லை, இவர்களுக்கு உண்மையிலேயே சொல் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகத்தான்.